சேவல் முத்திரை

அந்த மருத்துவமனையில் பெரிய டாக்டருக்குப் பயப்படாதவர்கள் உண்டு. லைட் சிஸ்டருக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர் கையில் இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் ஊதா நிற விளக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வராந்தாவில் நடந்து வருகிற சத்தம் கேட்டாலே, ஒழுங்காகக் கை கழுவியவர்கள்கூட இன்னொரு முறை குழாயைத் திறப்பார்கள்.

விஷயம் இதுதான். மாதம் ஒருமுறை ஊழியர்கள் எல்லாரும் ஒரு வெள்ளைக் களிம்பைக் கையில் தேய்த்துக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய கையைப் பெட்டிக்குள் நீட்டினால், சரியாகத் தேய்க்காத இடமெல்லாம் பளீரென்று ஒளிரும். நக இடுக்கு, கட்டை விரல் மடிப்பு, மோதிரத்துக்கு அடி, எதுவும் தப்பாது. பெயர் பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரை, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "சுண்டு விரலும் உங்க விரல்தான் டாக்டர், அதையும் கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவர் அவர். ஆனாலும் அவர்மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை. ஏனென்றால், ஒவ்வொரு முறையும் முதலில் தன் கையைத்தான் பெட்டிக்குள் வைப்பார். "என் கை சுத்தமான்னு முதல்ல நீங்க பாருங்க. அப்புறம் உங்க கையை நான் பார்க்கிறேன்" என்பார். பதினாறு வருடமாக அந்தக் கையில் ஒரு புள்ளி ஒளிர்ந்ததில்லை.

இந்த லைட் சிஸ்டர் நம் கதாநாயகிக்கு நாத்தனார். கணவனின் அக்கா. 'அண்ணி' என்று கூப்பிடுவாள். கதாநாயகிக்கு வேலை அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். கத்தரி, இடுக்கி, கத்தி என்று மேலே இருந்து வருகிற கருவிகளையெல்லாம் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி, நீராவி எந்திரத்துக்குள் அனுப்புகிற வேலை. துணியின் நான்கு முனையையும் மடித்து அவள் சுற்றுகிற வேகத்துக்கு அங்கே போட்டி கிடையாது. அதனால் அவளுக்குப் 'பொட்டலம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை.

மூன்று வருடம் முன்பு ஒரு காலையில், ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த அவள் கணவன் நிமிரவே இல்லை. அன்று சாயங்காலமே அண்ணி இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்தார். அவளையும் ஆறு வயதுப் பெண் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். இஸ்திரி போடுகிற அறையை ஒழித்து இரண்டு கட்டில் போட்டார். 'இது உன் வீடு மாதிரி' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவள் வீடு இல்லையென்று ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, வாசல் சாவியில் ஒன்றை மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். வேலை வாங்கித் தந்ததும் அண்ணிதான். இத்தனைக்கும் ஒரு நாள், ஒரு பேச்சில்கூட, செய்ததைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தக் கடனைப் பொட்டலம் ஒரு நாளும் மறந்ததில்லை. கோயிலில் சாமி முன்னால் நிற்கிறபோதுகூட அவ்வளவு நன்றி அவளுக்கு வந்ததில்லை. அப்படிப்பட்ட அண்ணியிடம்தான் அவள் ஏழு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு என்பது பொய். அண்ணி அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு விட்டாரா? அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். மதியத்துக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். "எங்க பொட்டலம் கம்ப்யூட்டர் படிக்குது, இன்னும் ஒரு வருஷத்துல ஸ்டோர் இன்சார்ஜ் ஆயிடும்" என்று வார்டு வார்டாகச் சொல்லி வைத்தார். அண்ணியின் கணவர், குழந்தைக்கு மாமா, பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைத் தவிர உலகத்தில் வேறெதிலும் தலையிடாதவர். அவரே ஒருநாள் பேனாவை மூடிவிட்டு, "பாடம் எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்.

"கட்டம் போட்டுக்கிட்டு இருக்கோம் மாமா" என்றாள்.

"நானும் அதைத்தானே செய்றேன்" என்று அவர் புதிருக்குத் திரும்பினார்.

உண்மையில் அவள் போனது ஆடுவதற்கு. ஊருக்கு வெளியே, முன்பு நாற்காலி மேசை அடுக்கி வைத்திருந்த ஒரு பெரிய கிடங்கு. அங்கே முதல் ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை 'ரேவ்' என்கிற ஆட்டக் கொண்டாட்டம் நடக்கும். மற்ற இடங்களில் இரவில் நடப்பதை, வீட்டில் பொறுப்பு உள்ளவர்களுக்காகவே பகலில் வைத்திருந்தார்கள். ஆள் உயர ஸ்பீக்கர்கள். வரி எதுவும் இல்லாத, தாளம் மட்டுமே ஓடுகிற இசை. மேடையில் ஒரு பெண் நின்றுகொண்டு, ஒரு தாளம் முடியுமுன் அடுத்ததை அதன் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பாள். முந்நூறு பேர் இருட்டில் அவரவர் இடத்தில் ஆடுவார்கள். சோடி தேவையில்லை, ஆடத் தெரிந்திருக்கவும் தேவையில்லை. கேட்காமல் யாரையும் தொடக்கூடாது என்று நுழைவாயிலில் பலகை. போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். களைத்தவர்கள் உட்கார ஓர் ஓரம், அங்கே தட்டு நிறைய ஆரஞ்சுச் சுளை.

அவளை முதலில் அங்கே இழுத்துப் போனவள் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட், சுருக்கமாக 'பிசியோ'. கழுத்துவலி என்று போனவளின் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வலி இல்லக்கா. மூணு வருஷமா யாரோ அடிக்க வர்ற மாதிரியே தோளைத் தூக்கி வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க" என்றாள்.

பிசியோ சொன்னது தப்பில்லை. யாரும் அடிக்க வரவில்லைதான். ஆனால் ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. பாவம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாள் முதல் குழந்தையின் டீச்சர் வரை, அவளைப் பார்த்ததும் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். அவள் சாப்பிட்டால், பாவம், சாப்பிடட்டும். சிரித்துவிட்டால், பாவம், எப்படிச் சிரிக்கிறா பாரு. நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. திட்டினால் திருப்பித் திட்டலாம். பாவம் என்றவர்களை என்ன செய்வது?

கிடங்கில் நுழைந்த முதல் நாள், சுவரோரமாக மரம் மாதிரி நின்றாள். தாளம் தரை வழியாக ஏறி முழங்காலைத் தட்டியது. அவள் யாருடைய மனைவி, யாருடைய விதவை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தன் தோள் கீழே இறங்கியிருப்பதைக் கவனித்தாள். அதன் பிறகு அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. வியர்த்து விறுவிறுத்து வீடு திரும்பியவளைப் பார்த்து, "கம்ப்யூட்டர் ரூம்ல ஃபேன்கூட இல்லையா?" என்று அண்ணி நெற்றியைத் துடைத்துவிட்டார்.

அங்கே பெண்கள் ஏன் வருகிறார்கள் என்பதை ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள், மேடைப் பக்கம் போகவே வேண்டாம். கழிப்பறை வரிசையில் பத்து நிமிடம் நின்றால் போதும். கதவு மூன்று, கூட்டமோ நூற்றைம்பது. பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி, வாரம் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது என்பாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள், "ஆறு மணி நேரம் ஒருத்தரும் என்னை அம்மான்னு கூப்பிட மாட்டாங்க, அதுக்காகவே வருவேன்" என்று சொல்லிவிட்டு, உடனே போனை எடுத்துப் பிள்ளைகளின் படத்தைக் காட்டுவாள். அறுபது தாண்டிய ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். காரணம் கேட்டால், "காரணம் எதுக்கும்மா? ஆம்பளைங்க கிரிக்கெட் பார்க்கப் போறாங்களே, யாராவது காரணம் கேக்கறாங்களா?" என்று எரிந்து விழுவார். பொட்டலம் தன் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்த வரிசையிலும் ஒருத்தி தலையைச் சாய்த்துவிடுவாளோ என்று பயம்.

இப்போது முத்திரைக்கு வருவோம். உள்ளே போகிறவர்களின் புறங்கையில் ஒரு சேவல் முத்திரை குத்துவார்கள், பகல் கொண்டாட்டம் என்பதற்காக. கட்டை விரல் அளவுச் சேவல், வாயைப் பிளந்து கூவிக்கொண்டிருக்கும். நீல மை. திங்கட்கிழமை அலுவலகம் போகிற பெண்களுக்கு அதைத் தேய்த்து எடுப்பதற்குள் தோலே உரிந்துவிடும். பொட்டலமும் ஏழு மாதமாக ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தவள்தான். பிசியோ சும்மா இருக்கவில்லை. "வேலைக்குப் போற பொம்பளைங்க நிலைமையைக் கொஞ்சம் யோசிங்க" என்று ஏற்பாட்டாளர்களிடம் போராடி, மையை மாற்ற வைத்தாள். எட்டாவது மாதம் வந்தது புது மை. நிறமே கிடையாது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் இருக்கிற ஊதா விளக்கில் மட்டும்தான் தெரியும்.

மருத்துவமனையில் வேலை பார்க்கிற இரண்டு பேருக்கும், அந்த ஊதா விளக்கை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. "பாத்தீங்களா, இனிமே ஸ்பிரிட்டே வேணாம்" என்று பிசியோ கையைத் தட்டினாள். பொட்டலம் அவளுக்கு மனதார நன்றி சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய், முதல் தடவையாக, கையைத் தேய்க்காமல் நிம்மதியாகத் தூங்கினாள்.

மாத நடுவில் நடக்கிற கைச்சோதனை, ஏதோ மேலிட ஆய்வு வருகிறதென்று, இனிமேல் முதல் திங்கட்கிழமை என்று மாறியது அவளுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது. கீழ்த்தளத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். லைட் சிஸ்டர் தன் கையைக் காட்டினார், சுத்தம். ஒவ்வொருவராக நீட்டினார்கள். பொட்டலத்துக்குக் கவலையே இல்லை, அண்ணியின் வீட்டில் மூன்று வருடமாகக் கை கழுவுகிறவள் அவள். பெட்டிக்குள் கையை நீட்டினாள்.

புறங்கையில் சேவல் கூவியது.

முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. அண்ணி குனிந்து பார்த்தார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பின்னால் நின்ற துணி வெளுக்கிறவன் எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், கோழியா?" என்றான்.

"போய் மறுபடி கழுவிட்டு வா" என்றார் அண்ணி.

கழுவினாள். சேவல் அப்படியே இருந்தது. மறுபடி கழுவினாள், பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கை சிவந்ததுதான் மிச்சம், ஊதா வெளிச்சத்தில் சேவல் இன்னும் உற்சாகமாகத் தெரிந்தது. அண்ணி அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் ஏழு மாதத்து வியர்வை, கலைந்த தலைமுடி, ஃபேன் இல்லாத வகுப்பு எல்லாம் அவருக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதை அவளால் பார்க்க முடிந்தது. பிறகு அண்ணி பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'சுத்தம்' என்று எழுதினார்.

"அடுத்தவங்க வாங்க."

மூன்று நாள் அண்ணி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சாப்பாடு அதே சூட்டில் வந்தது. குழந்தையின் சீருடை அதே மடிப்போடு இஸ்திரியாகியிருந்தது. பேச்சு மட்டும் 'ம்', 'சரி' என்று சுருங்கிவிட்டது. வீட்டைவிட்டுப் போகச் சொல்வாரோ என்று அவள் ஒரு போதும் பயப்படவில்லை, அண்ணி அந்த ரகம் இல்லை. இந்த உலகத்தில் தன்னை ஒரு தடவைகூடத் தலை சாய்த்துப் பார்க்காத ஒரே ஆள் அண்ணி. அவர் இனிமேல் தன்னை நேராகப் பார்க்காமலே போய்விட்டால்? அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், மாமா புதிரோடும் குழந்தை வீட்டுப்பாடத்தோடும் முன்னறையில் இருந்தபோது, அவள் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அண்ணி கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது.

"நான் கம்ப்யூட்டர் கத்துக்கப் போகல அண்ணி. ஆடப் போனேன்." ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கிடங்கு, இசை, பிசியோ, ஆரஞ்சுச் சுளை, சேவல்.

அண்ணி தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "என் தம்பி போய் மூணு வருஷம்" என்றார் கடைசியில். "நீ ஆடிட்டு வர்ற. சரி, ஆடு. ஆனா என்கிட்ட சாப்பாடு கட்டி வாங்கிக்கிட்டுப் போய் ஆடியிருக்க பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி. வெளிய போனா பாவம், உள்ள வந்தா பாவம். அங்க ஒருத்தரும் அதைச் சொல்லல. அது ஒண்ணுக்காகத்தான் போனேன்."

"நானா உன்னைப் பாவம்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லல. சொல்ல வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தீங்க."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணியின் கையில் இருந்த தட்டு மேசைமேல் சற்று பலமாகவே இறங்கியது.

"ஆமா, குடுத்தேன்" என்றார் அண்ணி. "வந்தவங்க எல்லாம் உன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்னைப் பார்த்து, சர்க்கரை எங்க இருக்குன்னு கேட்டாங்க. இல்லாட்டி, தம்பி பெண்டாட்டியை நல்லாப் பாத்துக்குங்க சிஸ்டர்னாங்க. அவனைத் தூக்கி வளர்த்தவ நான். லீவு ஃபாரத்துல காரணம் எழுதற இடத்துல கட்டம் கட்டமாப் போட்டிருக்கான். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை. தம்பின்னு ஒரு கட்டம் இல்ல. நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வார்டுக்குப் போயிட்டேன். வீட்டுல அழுதா நீ உடைஞ்சு போவ. ஆஸ்பத்திரியில அழுதா நோயாளி பயப்படுவான். எங்க போய் அழச் சொல்ற என்னை?"

பொட்டலம் மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறாள். அண்ணி அழுததில்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை. அண்ணிக்கு மனசு கல் மாதிரி என்று எல்லாரும் சொன்னதை, அவளும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். தனக்கே வெட்கமாக இருந்தது. ஈரத் துணியை அண்ணி கையிலிருந்து வாங்கி மீதித் தட்டுகளைத் துடைத்தாள்.

எல்லாத் தட்டையும் அடுக்கி முடித்த பிறகு, அண்ணி முதுகைக் காட்டியபடியே கேட்டார். "அங்க சத்தம் ரொம்ப இருக்குமோ?"

"பக்கத்துல நிக்கிறவங்க பேசறதுகூடக் கேக்காது."

"கத்தினா?"

"கத்தினாலும் கேக்காது அண்ணி."

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் அண்ணி பொய் சொல்லவில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஆடப் போறோம். சோறு வடிச்சிருக்கு, குழந்தைக்கு ரெண்டு மணிக்குக் குடுங்க" என்றார். மாமா புதிரிலிருந்து தலையை நிமிர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஷூ போட்டுக்கிட்டுப் போங்க" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

வழியெல்லாம் பொட்டலத்துக்கு ஒரே கவலை. "அண்ணி, முத்திரையைக் கணுக்கால்ல போடச் சொல்லுங்க. நாளைக்குத் திங்கட்கிழமை." அவள் முன்னால் போய்த் தன் கணுக்காலைக் காட்டிக் குத்திக்கொண்டு, காதடைப்பான் வாங்க நகர்ந்துவிட்டாள்.

உள்ளே போன அண்ணி செய்த முதல் வேலை கழிப்பறையைச் சோதித்தது. வரிசையைத் தாண்டி நேராகப் போய், சோப்பு தீர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஏற்பாட்டாளப் பையன் ஒருவனைப் பிடித்துக் கொஞ்சம் பாடம் எடுத்தார். ஐந்தாவது நிமிடம் மூன்று புது சோப்பு வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். கணக்கு டீச்சர், "யாரும்மா இது, நமக்கு முன்னாடியே தெரியாம போச்சே!" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் அண்ணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பொட்டலம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, அந்தச் சுவரை அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஆடியபடியே ஒரு கண் அங்கே வைத்திருந்தாள். மெல்ல, அண்ணியின் வெள்ளை ஷூ தாளத்துக்கு ஒரு தட்டுத் தட்டியது. பிறகு கைப்பை தோளுக்குப் போனது. பிறகு அவர் வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றார். ஆடினார் என்று சொல்ல முடியாது. படுக்கையில் உறையை இழுத்து மாட்டுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னும் பின்னும் வீசினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் வாய் எதையோ சொல்வதை அவள் பார்த்தாள். முதலில் முணுமுணுப்பு. தாளம் ஏற ஏற வாயும் பெரிதாகியது. கழுத்து நரம்பு புடைக்க அண்ணி கத்தினார். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் பொட்டலம் ஒரு தப்புச் செய்திருந்தாள். அந்த இசையில் ஒரு பழக்கம் உண்டு. தாளம் ஏறிக்கொண்டே போய், உச்சத்தில், எல்லாச் சத்தமும் திடீரென்று நின்றுவிடும். இரண்டு மூச்சு நேரம் பேரமைதி. அப்புறம்தான் முழு பலத்தோடு வந்து விழும். வழக்கமாக வருகிறவர்களுக்கு அது தெரியும், அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அண்ணியிடம் அதை யாரும் சொல்லவில்லை.

சத்தம் நின்றது. முந்நூறு பேர் நிற்கிற இருட்டில் அண்ணியின் குரல் மட்டும் தனியாக ஒலித்தது.

"டேய் குட்டிப் பயலே! ஏண்டா என்கிட்ட சொல்லாமப் போன!"

பொட்டலத்துக்கு உயிரே போய்விட்டது. இதோ, இப்போது எல்லாத் தலைகளும் திரும்பும், எல்லாத் தலைகளும் சாயும். அவள் அண்ணியை நோக்கிக் கையை நீட்டினாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

யாரும் தலையைச் சாய்க்கவில்லை. முன்னால் நின்ற பஸ் ஓட்டுகிற பெண் திரும்பி, கையை மேலே தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். வார்த்தை எதுவும் இல்லாத வெறும் சத்தம். உடனே இரட்டைப் பிள்ளைக்காரி போட்டாள். கணக்கு டீச்சர் போட்டார். மூலைக்கு மூலை, யார் யாரிடம் என்னென்ன சொல்லாமல் போனார்களோ, கிடங்கே கத்தியது. அந்தக் கத்தலின் மேலேயே தாளம் வந்து விழுந்தது.

அண்ணி அழுதார். மூன்று வருடத்துக்கும் சேர்த்து, தோள் குலுங்க, மூக்கு ஒழுக, கைகளை வீசிக்கொண்டே அழுதார். பொட்டலமும் அழுதாள். அவள் கணவனுக்காக அவளும் அவர் தம்பிக்காக அவரும் ஒரே இடத்தில் நின்று அழுவது அதுதான் முதல் முறை. "தொடலாமா?" என்று காதருகே கத்திக் கேட்டுவிட்டு, பிசியோ இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஆரஞ்சுச் சுளை தின்றார்கள். நாலு மணி வரை ஆடினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினார். அந்தத் தலையின் கனத்தைத் தாங்கிக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனமில்லாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்; இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி இருவரும் நடந்தார்கள். எவருக்கென்று குறிப்பாகச் சொல்லத் தெரியாமல், அந்தக் கிடங்குக்கு, மேடையில் நின்றவளுக்கு, கழிப்பறை வரிசைக்கு, தன்னைக் காட்டிக்கொடுத்த அந்த மைக்கும் சேர்த்து, வழிநெடுக அவள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. கீழ்த்தளத்தில் வரிசை நின்றது. இந்தத் தடவை பொட்டலத்துக்குப் பயமில்லை, சேவல் காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. லைட் சிஸ்டர் பெட்டியை மேசைமேல் வைத்து, விளக்கைப் போட்டார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"என் கை சுத்தமான்னு முதல்ல நீங்க பாருங்க" என்று எப்போதும்போலச் சொல்லி, கையைப் பெட்டிக்குள் வைத்தார்.

புறங்கையின் நட்ட நடுவில், வாயைப் பிளந்துகொண்டு, சேவல்.

துணி வெளுக்கிறவன் வாயைத் திறந்து, அவர் பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டான். அண்ணி கையை அவசரமாக எடுத்துவிடவில்லை. விரல்களை விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, கடைசியில் நின்றவருக்கும் தெரிகிற மாதிரி நிதானமாகக் காட்டினார்.

"இது அழுக்கு இல்ல. பதினாறு வருஷமா அழுக்கைப் பார்க்கிறவ நான், எனக்குத் தெரியும்" என்றார். பதிவேட்டைத் திறந்து தன் பெயருக்கு நேரே 'சுத்தம்' என்று எழுதினார். "அடுத்தவங்க வாங்க."

அடுத்து நின்றது பொட்டலம்தான். பெட்டிக்குள் அவள் கை, ஒரு புள்ளிகூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. அண்ணி குனிந்து அதைப் பார்த்தார், பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

"அடுத்த மாசம் நீயும் கையிலயே போட்டுக்கோ" என்றார்.